டேலி பிரைமில் ஆளுக்கொரு லாக் இன்: கடைக்காரருக்கும் கணக்காளருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான கடைகளில் டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்தால் நேராக கேட்வே என்ற முதல் மெனு வந்து நிற்கும். பாஸ்வேர்டு கேட்காது. கேட்டாலும் அந்த ஒரே பாஸ்வேர்டு முதலாளிக்குத் தெரியும், கணக்காளருக்குத் தெரியும், பில் போடுகிறவர்களுக்கும் தெரியும், போன வருஷம் வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும். வியாபாரம் ஓடுகிறது, வரி ரிட்டர்ன் போகிறது என்பதால் யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை.

பிறகு ஒருநாள் ஒரு பார்ட்டி வந்து, "நான் பணம் கட்டிட்டேனே, ரசீது இருக்கே" என்பார். லெட்ஜரில், அதாவது அவர் பெயரில் உள்ள கணக்கில், அந்த வரவு இருக்காது. என்ட்ரி போடவே இல்லையா, போட்டு அழித்தார்களா, அழித்தது யார்? எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்திருக்கும்போது டேலியிடம் பதில் கிடையாது. அந்த நிமிஷத்திலிருந்து கடையில் இருக்கிற எல்லோர் மேலும் சந்தேகம் விழும். அதிகம் அடிபடுகிறவர் கணக்காளர்தான், ஏனென்றால் கணக்கு அவர் கையில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

ஆளுக்கொரு லாக் இன் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான். முதலாளியின் பணத்துக்குக் காவல் என்பது அப்புறம். நேர்மையாக வேலை பார்க்கிறவரின் பெயரைக் காப்பாற்ற அவரிடம் வேறு எந்தச் சாட்சியும் இல்லை.

உதாரணத்துக்கு ஒரு பைப், ஹார்டுவேர் மொத்தக் கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளி, ஒரு கணக்காளர், பில் கவுண்டரில் இரண்டு பேர், குடோனில் ஒருவர், வெளியே ஆடிட்டர். மளிகை மொத்தக் கடை, பனியன் கம்பெனி, அச்சகம் எதுவானாலும் இந்த அமைப்பைச் சிறிது மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். சொல்லப்போகும் மெனுக்கள் டேலி பிரைமுக்கானவை. இன்னும் பழைய பதிப்பான டேலி ஈ.ஆர்.பி. 9 வைத்திருப்பவர்கள் ஆல்ட்–எஃப்3 அழுத்தி செக்யூரிட்டி கன்ட்ரோல் என்ற இடத்துக்குப் போனால் இதே வேலையைச் செய்யலாம்.

"எங்களிடம் இருப்பது சில்வர் லைசென்ஸ், ஒரே கம்ப்யூட்டர்தான், எங்களுக்கு எதற்கு இதெல்லாம்" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரில்தான் சில்வர் ஓடும் என்பது சரி. ஆனால் அந்த ஒரே கம்ப்யூட்டரில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் உட்காருகிறார்கள் அல்லவா? சில்வரிலும் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் தனித்தனிப் பெயர் கொடுக்கலாம். கோல்டு வாங்க வேண்டியது, பல கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் வேலை நடக்க வேண்டும் என்றால் மட்டும்.

முதல் படி: கம்ப்யூட்டரைத் தொடாமல் ஒரு தாளில் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய் நேராக டேலியில் யூசர் உருவாக்குகிறவர்கள், ஒரே வாரத்தில் எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்துவிட்டு விட்டுவிடுவார்கள். "பில் நிற்குது, ஓப்பன் ஆகலை" என்று கவுண்டரிலிருந்து சத்தம் வந்தால் வேறென்ன செய்வது?

தாளில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் எழுத வேண்டும். அவர் தினமும் என்ன என்ட்ரி போடுகிறார்? அந்த வேலைக்கு எதையெல்லாம் பார்த்தாக வேண்டும்? எதைப் பார்க்கவோ திருத்தவோ அவருக்கு அவசியம் இல்லை?

பில் கவுண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனை பில் போட வேண்டும். பார்ட்டியின் பாக்கி எவ்வளவு என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கடன் கொடுக்கலாமா என்று அவரால் முடிவெடுக்க முடியாது. சரக்கு இருப்பு எண்ணிக்கை தெரிய வேண்டும். அடக்க விலை தெரிய வேண்டியதில்லை. லாப நஷ்டக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. இதில் பலரும் கவனிக்காத ஒன்று: பேலன்ஸ் ஷீட்டையும் லாப நஷ்டத்தையும் மறைத்துவிட்டால் அடக்க விலை மறைந்துவிடாது. இருப்புப் பட்டியலான ஸ்டாக் சம்மரியில் இருப்பின் மதிப்பு நிற்கும், அதை எண்ணிக்கையால் வகுத்தால் விலை வந்துவிடும். ஒரு பொருளின் விவரம் காட்டும் ஸ்டாக் க்வெரியில் கடைசியாக எந்த விலைக்கு வாங்கினோம் என்பதே வரும். அடக்க விலை வெளியே போகக் கூடாது என்பது உங்கள் தொழிலில் முக்கியம் என்றால், கொள்முதல் பதிவேட்டோடு இந்த இரண்டையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பில் போடுகிறவருக்கு விலை வேண்டுமே என்றால், டேலியில் பிரைஸ் லெவல் வசதி இருக்கிறது. சில்லறை, மொத்தம் என்று விற்பனை விலையை ஏற்றி வைத்துவிட்டால் அவர் வேறெங்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

கணக்காளருக்கு நிறைய அனுமதி வேண்டும். அதில் தயங்காதீர்கள். கொள்முதல், ரசீது, பேமென்ட், ஜர்னல், பேங்க் ரீகன்சிலியேஷன் (பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு கணக்கை ஒப்பிடுவது), ஜி.எஸ்.டி. அறிக்கைகள் எல்லாம் அவர் வேலை. கம்பெனி அமைப்பை மாற்றுவது, யூசர் உருவாக்குவது, ரிட்டர்ன் போட்டு முடித்த மாதத்தைத் திருத்துவது ஆகியவை மட்டும் முதலாளியின் லாக் இன்னில் இருக்கட்டும்.

குடோன்காரருக்கு வந்த சரக்கு, போன சரக்கு, இருப்பு எண்ணிக்கை. அவ்வளவுதான்.

பெரிய அலுவலகங்களில் ஒரு நியதி உண்டு. பணம் வாங்குகிறவரும் அந்த வரவைப் பதிகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சப்ளையர் லெட்ஜரை உருவாக்குகிறவரே அந்த சப்ளையருக்குப் பணம் அனுப்பக் கூடாது. ஐந்து பேர் இருக்கிற கடையில் இதை முழுதாகக் கடைப்பிடிக்க முடியாது. ஒரே கணக்காளர்தான் எல்லாம் செய்வார். அப்படியிருந்தால், பிரிக்க முடியாத இடங்களைத் தாளில் வட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாளி வாரம் ஒருமுறை பார்க்க வேண்டிய இடங்கள் அவைதான்.

இரண்டாம் படி: பேக்கப்

ஆல்ட்–ஒய் அழுத்தி டேட்டா மெனுவில் பேக்கப் எடுங்கள். அதே டிரைவில் வைக்காமல் வெளி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். எடுத்த பேக்கப் உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்க்க, வேறொரு காலி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். இப்போது நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரிலேயே ரீஸ்டோர் செய்துவிடாதீர்கள். பழைய பேக்கப் புதிய கணக்கின் மேல் ஏறி உட்கார்ந்தால் இடைப்பட்ட நாள்களின் என்ட்ரிகள் போய்விடும்.

மூன்றாம் படி: கட்டுப்பாட்டை இயக்குவது

ஆல்ட்–கே அழுத்தினால் கம்பெனி மெனு வரும். அதில் ஆல்ட்டர் போய் கம்பெனியைத் தேர்ந்தெடுங்கள். செக்யூரிட்டி என்ற பகுதியில், கம்பெனி டேட்டாவுக்கு யூசர் கட்டுப்பாடு வேண்டுமா என்ற கேள்விக்கு யெஸ் கொடுத்தால் ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இதுதான் அட்மின். இதற்கு மேல் அதிகாரம் உள்ள லாக் இன் அந்தக் கம்பெனியில் வேறில்லை.

இந்த அட்மின் யாருடையது? முதலாளியுடையது. "எனக்குக் கம்ப்யூட்டர் வராது, அவரே வச்சிக்கட்டும்" என்று கணக்காளரிடம் கொடுத்துவிடுவதை நிறையக் கடைகளில் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கணக்காளர் மேல் நம்பிக்கை இருந்தாலும், நாளை அவருக்கு உடம்பு முடியாமல் போனால் கடையின் கணக்கு உங்களுக்கே திறக்காது. முதலாளிக்கு டேலி ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. பாஸ்வேர்டை அவர் கையால் தட்டினால் போதும்.

தட்டிய பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்தும் தேதியும் போட்டு, வீட்டு பீரோவிலோ பேங்க் லாக்கரிலோ வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு அந்தக் கவர் இருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும். முதலாளிக்கு ஒன்று ஆகிவிட்டால் குடும்பம் கடன் பாக்கி எவ்வளவு என்றே தெரியாமல் நிற்கும். டேலி வேலையைவிட இது முக்கியமான வேலை.

நான்காம் படி: ரோல்

மறுபடியும் ஆல்ட்–கே. யூசர் ரோல்ஸ் என்று இருக்கும். ரோல் என்பது ஒரு வேலைக்கான அனுமதிகளின் தொகுப்பு. ஓனர், டேட்டா என்ட்ரி என்ற இரண்டு ரோல் ஏற்கெனவே இருக்கும். பலர் இதோடு நிறுத்திக்கொண்டு எல்லோரையும் டேட்டா என்ட்ரியில் போட்டுவிடுவார்கள். நாம் தாளில் எழுதியபடி பில்லிங், கணக்கு, குடோன், ஆடிட்டர் என்று புது ரோல்களை உருவாக்குவோம்.

ஒவ்வொரு புது ரோலும் எந்தப் பழைய ரோலின் அடிப்படையில் அமைய வேண்டும் என்று டேலி கேட்கும். பில்லிங், குடோன் இரண்டையும் டேட்டா என்ட்ரியை அடிப்படையாக வைத்துத் தொடங்குங்கள். அதற்குக் கீழே திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் தடுக்க வேண்டியவை, மறுபக்கம் அனுமதிக்க வேண்டியவை. ஒவ்வொரு வரியிலும் முதலில் எந்த வகை அனுமதி என்று தேர்ந்தெடுக்க வேண்டும்: உருவாக்குவது, திருத்துவது, பார்ப்பது, பிரின்ட் எடுப்பது, அல்லது எல்லாமே. பிறகு எந்த மாஸ்டர் (லெட்ஜர், பொருள் போன்ற அடிப்படைப் பதிவு), எந்த வவுச்சர் (பில், ரசீது போன்ற என்ட்ரி), எந்த அறிக்கை என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே அவசரம் வேண்டாம். பில்லிங் ரோலுக்கு விற்பனை வவுச்சரை உருவாக்க அனுமதி கொடுத்து, திருத்துவதைத் தடுத்தால் என்ன ஆகும்? பில் போட்ட அடுத்த நிமிஷம் கஸ்டமர் "ரெண்டு எல்போ சேர்த்துப் போடுங்கண்ணே" என்பார், கவுண்டர் நின்றுவிடும். திருத்த அனுமதி கொடுத்தால், மூன்று மாதத்துக்கு முந்தைய பில்லையும் அவரால் திருத்த முடியும். இதற்கு விடை, ரோல் திரையிலேயே இருக்கும் பின்தேதிக் கட்டுப்பாடு. எத்தனை நாள் பின்னோக்கி என்ட்ரி போடலாம் என்று ஓர் எண், எந்தத் தேதிக்கு முந்தையதைத் தொடக் கூடாது என்று ஒரு கட்-ஆஃப் தேதி. பில்லிங்குக்கு ஒரு நாள் வைக்கலாம். கணக்காளருக்கு நாள் கணக்கு வைத்தால் அவரால் வேலை செய்ய முடியாது. பேங்க் ஸ்டேட்மென்ட் தாமதமாக வரும், சப்ளையர் பில் தாமதமாக வரும். அவருக்குக் கட்-ஆஃப் தேதி மட்டும் போதும்.

அந்தத் தேதியை எப்போது நகர்த்துவது? மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிற கடை என்றால் விற்பனை விவரம் சொல்லும் ஜி.எஸ்.டி.ஆர். 1 அடுத்த மாதம் பதினோராம் தேதிக்குள்ளும், வரி கட்டும் 3பி இருபதாம் தேதிக்குள்ளும் போகும். 3பி போனதும், முதலாளி தன் லாக் இன்னில் நுழைந்து கட்-ஆஃப் தேதியை முந்தைய மாதக் கடைசிக்கு நகர்த்த வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. இது நடக்காத கடைகளில்தான் ரிட்டர்னில் ஒரு தொகையும் டேலியில் வேறொரு தொகையும் நின்று, மார்ச் முடிந்ததும் ஆடிட்டர் ஆபீஸில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். உண்மையிலேயே ஒரு பழைய பில் திருத்தப்பட வேண்டும் என்றால் கணக்காளர் முதலாளியிடம் காரணம் சொல்லட்டும். தேதியைத் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் மூடலாம்.

பில்லை அழிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. டேலியில் ஆல்ட்–டி அழுத்தினால் வவுச்சர் அடியோடு போய்விடும். ஆல்ட்–எக்ஸ் அழுத்தினால் பில் ரத்தாகும், எண் மட்டும் அங்கேயே நிற்கும். விற்பனை பில்லை எப்போதும் ரத்துதான் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வரிசையில் நடுவே ஓர் எண் காணாமல் போனால் பின்னால் கேள்வி வரும்போது விளக்கம் சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: ஆளுக்கொரு பெயர்

ஆல்ட்–கே மெனுவில் யூசர்ஸ் அண்டு பாஸ்வேர்ட்ஸ். இங்கே ரோலைத் தேர்ந்தெடுத்து, பெயரும் தற்காலிக பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். பெயர் ஆளின் பெயராகவே இருக்கட்டும். பில் 1, பில் 2, கவுண்டர் என்று வைத்தால் பழைய கதைதான். இன்று கவுண்டரில் உட்கார்ந்தவர் யார் என்று மறுபடி தேட வேண்டும். முதலாளிக்கும் இரண்டு பெயர் இருப்பது நல்லது. தினமும் அறிக்கை பார்க்க ஒன்று, அட்மின் வேலைக்கு ஒன்று. அட்மினில் நுழைந்து அப்படியே திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், இதுவரை செய்த எல்லாம் வீண்.

ரிமோட் அனுமதி வேண்டுமா என்று ஒரு கேள்வி அதே வரிசையில் வரும். வெளியூரிலிருந்து பார்க்கத் தேவை இருப்பவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் நோ.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் பெயரை அடுத்து வருகிறவருக்கு மாற்றிக் கொடுக்காதீர்கள். "கார்த்தின்னே இருக்கட்டும், நீ அதுல போட்டுக்கோ" என்பது சுலபமாகத் தோன்றும். ஆனால் புது ஆள் செய்யும் தவறு போனவர் பெயரில் நிற்கும். போனவர் செய்தது இவர் தலையில் விழும். இருவருக்கும் அநியாயம். பழைய பெயரின் பாஸ்வேர்டை மாற்றிப் பூட்டிவிட்டு, புதியவருக்குப் புதுப் பெயர் கொடுங்கள்.

பாஸ்வேர்டு பாலிசி என்று தனியே ஓர் இடம் இருக்கிறது. குறைந்தது எத்தனை எழுத்து, எண்ணும் குறியும் வேண்டுமா, எத்தனை நாளில் காலாவதி, முதல்முறை நுழையும்போது மாற்றியாக வேண்டுமா என்றெல்லாம் கேட்கும். முதல்முறை மாற்றுவதைக் கட்டாயமாக்குங்கள், அப்போதுதான் அந்த பாஸ்வேர்டு முதலாளிக்கும் தெரியாமல் அந்த ஆளுக்கு மட்டும் சொந்தமாகும். நீளம் பத்து எழுத்தாவது இருக்கட்டும். முப்பது நாளுக்கு ஒருமுறை காலாவதி என்று மட்டும் வைக்காதீர்கள். மாதா மாதம் மாற்றச் சொன்னால் மக்கள் மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டுவார்கள். நீளமாக ஒன்று வைத்து, சந்தேகம் வந்தால் மாற்றுவது நல்லது.

ஆறாம் படி: ஒவ்வொருவராக நீங்களே நுழைந்து பாருங்கள்

அமைத்ததோடு விட்டுவிடாதீர்கள். கம்பெனி மெனுவில் சேஞ்ச் யூசர் கொடுத்து, தற்காலிக பாஸ்வேர்டைக் கைமாற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு பெயரிலும் நுழைந்து பாருங்கள். கடை மூடிய பிறகு செய்தால் நிதானமாக இருக்கும்.

பில்லிங் பெயரில் நுழைந்து ஒரு பில் போடுங்கள், திருத்துங்கள், அழிக்கப் பாருங்கள். போன மாதத் தேதிக்குப் போய் ஒரு பில் போட முடிகிறதா என்று பாருங்கள். பேலன்ஸ் ஷீட், ஸ்டாக் சம்மரி, ஸ்டாக் க்வெரி திறக்கிறதா? ஆல்ட்–ஜி அழுத்தி கோ டு பெட்டியில் லாப நஷ்டக் கணக்கைத் தட்டிப் பாருங்கள்; மெனுவில் தெரியாத அறிக்கையை அங்கே தேடித் திறக்கப் பார்ப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. பார்ட்டி லெட்ஜர் பட்டியல் முழுவதையும் எக்செல்லாக எக்ஸ்போர்ட் செய்ய முடிகிறதா என்றும் பாருங்கள். போட்டிக் கடைக்குப் போனால் அதிகம் வலிக்கும் பட்டியல் அதுதான்.

சோதனைக்குப் போட்ட பில்களை ரத்து செய்ய வேண்டி வராமல் இருக்க, இரண்டாம் படியில் தனி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்த கம்பெனியில் முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை அமைத்துப் பார்த்துவிட்டு, பிறகு உண்மைக் கம்பெனியில் அமைக்கலாம். நான் செய்வது அப்படித்தான்.

எடிட் லாக்: யார் எதைத் தொட்டார்கள்

பெயர் பிரித்ததன் பலன் இங்கேதான் கைக்கு வருகிறது. எடிட் லாக் என்ற திருத்தப் பதிவேடு இயங்கினால், ஒரு வவுச்சரை உருவாக்கியவர் யார், திருத்தியவர் யார், எப்போது, முன்னால் என்ன தொகை, பின்னால் என்ன தொகை என்பது பதிவாகும். அழித்ததும் பதிவாகும்.

கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களுக்கு இது விருப்பம் சார்ந்தது இல்லை. 2014ஆம் ஆண்டின் கம்பெனிகள் கணக்கு விதிகளில் மூன்றாம் விதியின்படி, 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்யும், அந்தப் பதிவை நிறுத்த முடியாத மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். அந்த வசதி வருஷம் முழுவதும் இயங்கியதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். பிரைவேட் லிமிடெட்டும் இதில் அடங்கும். அதற்காகவே நிறுத்த முடியாத எடிட் லாக் கொண்ட தனிப் பதிப்பை டேலி வெளியிட்டிருக்கிறது. சாதாரணப் பதிப்பில் வேண்டுமானால் இயக்கலாம், நிறுத்தலாம். தனி உரிமையாளர் கடைக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் இந்த விதி பொருந்தாது; இருந்தாலும் இயக்கி வையுங்கள் என்பதே என் கருத்து.

ஆனால் எல்லோரும் ஒரே அட்மினில் நுழைகிற கடையில் எடிட் லாக்கைத் திறந்தால், நூறு வரியிலும் ஒரே பெயர்தான் இருக்கும். சட்டத்துக்குக் கணக்கு சரியாகிவிடும், கடைக்கு ஒரு பயனும் இருக்காது.

பார்ப்பதும் ஒரு வேலை. தினமும் வேண்டாம். சனிக்கிழமை மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த வாரம் திருத்தப்பட்ட ரசீதுகள், அழிக்கப்பட்ட வவுச்சர்கள், தாளில் வட்டம் போட்ட இடங்கள் ஆகியவற்றை மட்டும் முதலாளி பார்க்கட்டும். திருத்தம் இருப்பதே தப்பு என்று பாயாதீர்கள். நன்றாக வேலை செய்கிற கணக்காளர்தான் அதிகம் திருத்துவார், ஏனென்றால் அவர்தான் தவறுகளைக் கண்டுபிடிக்கிறார். காரணம் கேளுங்கள், பதில் கிடைத்தால் விடுங்கள்.

டேலி வால்ட்: யோசித்துவிட்டு வையுங்கள்

யூசர் பாஸ்வேர்டு, டேலிக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும். டேட்டா ஃபோல்டரை யாராவது பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போவதை அது தடுக்காது. டேலி வால்ட் அந்த டேட்டாவையே, பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கிவிடும். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பெயர்கூட நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும்.

இதன் பாஸ்வேர்டை மறந்தால் மீட்க வழியே இல்லை. டேலி நிறுவனத்தாலும் முடியாது, டீலராலும் முடியாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் எட்டு நிதியாண்டு. அத்தனை வருஷம் ஒரு பாஸ்வேர்டைப் பத்திரமாக வைக்க உங்களால் முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கவர், பீரோ ஏற்பாட்டைச் செய்து முடித்தவர்கள் தாராளமாக வைக்கலாம். செய்யாதவர்கள் இன்று வைக்க வேண்டாம்.

டேலிக்கு வெளியே திறந்து கிடக்கும் கதவுகள்

கோல்டு லைசென்ஸில் ஒரு கம்ப்யூட்டரில் டேட்டா இருக்கும், மற்றவை நெட்வொர்க் வழியாக அந்த ஃபோல்டரைத் தொடும். தொடுவதற்காக அந்த ஃபோல்டர் எழுதும் அனுமதியோடு ஷேர் ஆகியிருக்கும். அதாவது பில் கவுண்டரில் இருப்பவர் டேலியைத் திறக்காமலே விண்டோஸில் அந்த ஃபோல்டரைத் திறந்து நகலெடுக்கலாம், தெரியாமல் அழித்தும் விடலாம். எவரீஒன் என்று எல்லோருக்கும் ஷேர் செய்யாமல், விண்டோஸிலும் தனித்தனி யூசர் வைத்துத் தேவையானவர்களுக்கு மட்டும் ஷேர் கொடுங்கள். தினசரி பேக்கப் அந்த நெட்வொர்க்கில் இல்லாத டிஸ்க்குக்குப் போக வேண்டும்.

எனிடெஸ்க் மாதிரி ரிமோட் செயலிகள் இன்னொரு கதவு. சர்வீஸ் ஆள் ஒருநாள் உள்ளே வந்து பிரச்சினையைச் சரிசெய்திருப்பார்; அடுத்த முறை வசதியாக இருக்கட்டும் என்று நிரந்தர பாஸ்வேர்டு வைத்திருப்பார். அதை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கடையிலிருந்து ஒருவர் அனுமதி கொடுத்துத்தான் இணைப்பு தொடங்க வேண்டும், வேலை முடிந்ததும் செயலியை மூட வேண்டும்.

சரக்கு அனுப்பத் தேவையான ஈ-வே பில் போடும் போர்ட்டலிலும், முதலாளியின் லாக் இன்னுக்குக் கீழ் சப் யூசர் உருவாக்கலாம். முதலாளியின் லாக் இன்னைக் கவுண்டரில் கொடுத்துவைக்கும் பழக்கத்துக்கு இரட்டை உறுதிப்படுத்தல் (பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கேட்பது) முற்றுப்புள்ளி வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வரி செலுத்துவோருக்கும் அது கட்டாயம். லாரி கிளம்பும் நேரத்தில் ஓ.டி.பி. முதலாளியின் போனுக்குப் போய், அவர் கல்யாண வீட்டில் இருந்தால் சரக்கு நிற்கும். சப் யூசர் வைத்தால் ஓ.டி.பி. அந்தந்த ஆளின் மொபைலுக்கே போகும். பில் உருவாக்குவது, நிராகரிப்பது என்று அனுமதியையும் பிரித்துக் கொடுக்கலாம்.

பேங்கில் கரன்ட் அக்கவுண்டுக்கு கார்ப்பரேட் நெட் பேங்கிங் கேட்டு வாங்கி, மேக்கர், செக்கர் முறையில் அமையுங்கள். கணக்காளர் பணம் அனுப்ப ஏற்பாடு செய்வார், முதலாளி ஒப்புதல் கொடுத்தால்தான் போகும். முதலாளியின் ஓ.டி.பி.யை போனில் கேட்டு வாங்கிப் பணம் அனுப்பும் கணக்காளர் எவ்வளவு பெரிய ஆபத்தில் நிற்கிறார் என்பதை இருவரும் யோசிப்பதில்லை.

ஆடிட்டருக்கு எப்படி

டேலி டாட் நெட் ஆடிட்டர் என்ற ரோல் இதற்காகவே இருக்கிறது; டேலியின் வருடாந்தர சந்தா உயிரோடு இருந்தால் அவர் தன் அலுவலகத்திலிருந்தே பார்க்கலாம். அது வேண்டாம், பேக்கப் அனுப்பினால் போதும் என்பவர் என்றால், பார்க்கவும் பிரின்ட் எடுக்கவும் மட்டும் அனுமதி உள்ள ஒரு பெயரை அவருக்கு உருவாக்கி, பேக்கப்பை ஒரு வழியிலும் பாஸ்வேர்டை வேறு வழியிலும் அனுப்புங்கள். வருஷக் கடைசியில் தேய்மானம் போன்ற ஜர்னல்களை அவரே போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை சுலபம்தான். ஆனாலும் பட்டியலாக வாங்கி உங்கள் கணக்காளரைப் போடச் சொல்வதையே நான் விரும்புகிறேன். எந்த என்ட்ரி ஏன் விழுந்தது என்று கடையில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.

ஆள்களிடம் சொல்லும் விதம்

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ரகசியமாகச் செய்துவிட்டுத் திங்கள் காலையில் பூட்டைக் காட்டினால் மனக்கசப்புதான் மிஞ்சும். "இத்தனை வருஷமா இருக்கேன் முதலாளி, இப்ப என்ன புதுசா பூட்டு?" என்று கணக்காளர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. முன்கூட்டியே அவரை உட்காரவைத்து, முதல் படித் தாளை அவரோடு சேர்ந்தே எழுதுங்கள். "நாளைக்கு யாராவது ஒரு என்ட்ரியை அழிச்சிட்டு உங்க பேரைச் சொன்னா, நீங்க இல்லைன்னு காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்லைண்ணே. அதுக்குத்தான்" என்று சொல்லிப் பாருங்கள். எந்த ரோலுக்கு எது வேண்டும் என்று அவரே உங்களைவிடச் சரியாகச் சொல்வார்.

முதல் இரண்டு வாரம் "இது திறக்கலை, அது திறக்கலை" என்று குரல் வரத்தான் செய்யும். ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, வேலைக்குத் தேவை என்றால் அந்த ஒரு அனுமதியை மட்டும் ரோலில் சேருங்கள். தொல்லை தாங்காமல் ஓனர் ரோலைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒருவர் வேலையை விடும் நாளுக்கும் அதே தாளின் பின்புறத்தில் ஒரு வரிசை எழுதி வையுங்கள்: டேலி பெயர், விண்டோஸ் பெயர், ஈ-வே பில் சப் யூசர், பேங்க் மேக்கர், கடை மின்னஞ்சல், கவுண்டர் கம்ப்யூட்டரில் திறந்திருக்கும் வாட்ஸ்அப் வெப், ரிமோட் செயலி. கணக்கு முடித்துச் சம்பளம் கொடுக்கும் அதே நாளில், முடிந்தால் அவர் எதிரிலேயே, ஒவ்வொன்றாக மூடி டிக் அடித்து, அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கடையில் என்ன நடந்தாலும் அவர் பெயர் இழுபடாது.